மிஸ் இந்தியா வந்துதான் நாம் தலைநிமிர்ந்தோமா?

இது நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. என் ஒன்றுவிட்ட தங்கையின் பேத்தி, பிளஸ் டூ முடித்தவள், அழகிப் போட்டிக்குத் தயாராகிறாள். ஒரு பயிற்சி நிலையத்தில் 35,000 ரூபாய் கட்டிச் சேர்த்திருக்கிறார்கள். எப்படி நடப்பது, எப்படி நிற்பது, எவ்வளவு பல் தெரியச் சிரிப்பது, ஆங்கிலத்தில் எப்படிப் பதில் சொல்வது என்று மூன்று மாதம் சொல்லித் தருவார்களாம். குழுவில் வாழ்த்து மழை. கைதட்டும் படம், கிரீடம் படம், எல்லாம். நான் மட்டும் எதுவும் போடவில்லை. "பெரியம்மாவுக்கு என்ன கோபம்?" என்று குழந்தையின் அம்மா கேட்டாள். கோபம் இல்லை என்று மட்டும் எழுதினேன். அதற்கே இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை.

இது வெளியே கசிந்து, என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒரு மாணவி, இன்று சென்னையில் பெரிய கம்பெனியில் நாற்பது பேருக்கு மேல் வேலை வாங்குகிறவள், எனக்கு எழுதினாள். "டீச்சர், நீங்களும் பழைய ஆட்களைப் போலப் பேசலாமா? 1994-ல் சுஷ்மிதா சென்னும் ஐஸ்வர்யா ராயும் ஜெயித்த பிறகுதான் இந்தியப் பெண்ணுக்கே ஒரு தைரியம் வந்தது. எங்கள் தலைமுறை தலைநிமிர்ந்தது அங்கிருந்துதான்" என்கிறாள். பேத்தியின் விஷயத்தைக்கூட விட்டுவிடலாம், இந்த வாதத்தை என்னால் விட முடியவில்லை. இது அவள் ஒருத்தியின் கருத்து இல்லை. முப்பது வருடமாகப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் சொல்லிச் சொல்லி நமக்குள் ஊறிப்போன கதை. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அலங்காரத்துக்கு நான் எதிரி அல்ல. முப்பத்தைந்து வருட வேலையில் பூ வைக்காமல் பள்ளிக்குப் போன நாட்களை விரல் விட்டு எண்ணலாம். என் கைப்பையில் பவுடர் டப்பா இருந்ததும், இன்டர்வெல்லில் அதைக் கடன் வாங்கிய டீச்சர்கள் யார் யார் என்பதும் இந்தப் பதிவைப் படிக்கும் சிலருக்குத் தெரியும்.

இன்னொன்று, கலாசாரம் கெட்டுவிட்டது என்று கொடி பிடிக்கிற கூட்டத்திலும் என்னைச் சேர்க்காதீர்கள். 1996 நவம்பரில் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தது நினைவிருக்கும். அமிதாப் பச்சனின் கம்பெனி எடுத்து நடத்தியது. பெண்கள் அமைப்புகள், விவசாயிகள் சங்கம், இடதுசாரிகள், இந்துத்துவ அமைப்புகள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி எதிர்த்தார்கள். எதிர்ப்புக்குப் பயந்து நீச்சலுடைச் சுற்றை மட்டும் செஷல்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். நம் மதுரையில் ஓர் இளைஞர் இதற்காகத் தீக்குளித்து இறந்தே போனார். அந்தப் பிள்ளையை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. அந்தப் போராட்டத்தில் பாதிப்பேர் பேசியது பெண்ணின் மரியாதை பற்றி அல்ல. பெண்ணின் உடம்பு எங்கள் பொறுப்பு, அது எவ்வளவு தெரியலாம் என்பதை நாங்கள்தான் சொல்வோம் என்பதுதான் அவர்கள் பேச்சு. மேடையில் நிறுத்தி அளவெடுப்பவனும், முந்தானையை இழுத்துவிட்டு அளவெடுப்பவனும் ஒரே டேப்பைத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு இருவரோடும் சண்டை உண்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் போட்டிகளை யார் ஆரம்பித்தார்கள் என்று எப்போதாவது யோசித்தீர்களா? அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி என்று ஒரு கடற்கரை ஊர். செப்டம்பர் தொடக்கத்தில் கோடை விடுமுறை முடிந்ததும் கூட்டம் காலியாகிவிடும். அங்கிருந்த ஹோட்டல்காரர்களும் வியாபாரிகளும் கூட்டத்தை இன்னும் சில நாள் நிறுத்திவைக்க யோசித்ததில் 1921-ல் பிறந்ததுதான் மிஸ் அமெரிக்கா. அதில் 1951-ம் ஆண்டுக்கான பட்டம் வென்ற யோலாண்ட் பெட்பீஸ் என்ற பெண், பட்டம் வாங்கிய பிறகு நீச்சலுடையில் ஊர் ஊராகப் போய்க் காட்சி தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சங்கீதம் படித்த பெண். என்ன ஆனது தெரியுமா? நீச்சலுடை தயாரித்து அந்தப் போட்டிக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்த கேட்டலினா கம்பெனி கோபித்துக்கொண்டு விலகியது. விலகி, தானே ஒரு போட்டியை ஆரம்பித்தது. அதுதான் 1952-ல் வந்த மிஸ் யூனிவர்ஸ். பிரபஞ்ச அழகி என்று நாம் வாய் நிறையச் சொல்கிறோமே, அந்தப் பட்டம், 'மாட்டேன்' என்று சொன்ன ஒரு பெண்ணின் மேல் ஒரு துணிக் கம்பெனிக்கு வந்த கோபத்தில் பிறந்தது. மிஸ் வேர்ல்டும் அப்படித்தான். 1951-ல் லண்டனில் நடந்த ஒரு விழாவுக்குக் கூட்டம் சேர்க்க எரிக் மோர்லி என்பவர் வைத்த நீச்சலுடைப் போட்டிதான் பிறகு உலக அழகிப் போட்டியானது. நம் ஊரில் 1964 முதல் ஃபெமினா மிஸ் இந்தியாவை நடத்துவது ஒரு பத்திரிகைக் குழுமம். ஹோட்டல்காரர், துணிக்காரர், கேளிக்கைக்காரர், பத்திரிகைக்காரர். பெண் விடுதலைக்காக யாராவது ஒருவர் ஆரம்பித்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள், தெரிந்துகொள்கிறேன்.

வியாபாரிகள் ஆரம்பித்ததால் அதில் நின்ற பெண்களைக் குறைத்துப் பேசமாட்டேன். 1952-ல், முதல் மிஸ் யூனிவர்ஸ் போட்டிக்கே இந்தியாவிலிருந்து ஒருவர் போனார். இந்திராணி ரஹ்மான். நம் சென்னையில் பிறந்தவர். பந்தநல்லூர் வழி வந்த சொக்கலிங்கம் பிள்ளையிடம் பரதம் கற்றவர். ஒடிசி நடனத்தை வெளிநாட்டு மேடைகளுக்கு முதலில் கொண்டுபோனவர்களில் ஒருவர், பின்னாளில் பத்மஸ்ரீ. மிஸ் இந்தியா ஆனபோது அவருக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருந்தது. இன்று அவர் மிஸ் இந்தியா விண்ணப்பத்தை வாங்கினால் முதல் வரியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கல்யாணம் ஆகாதவராக இருக்க வேண்டும் என்பது விதி. எழுபது வருடத்தில் எந்தப் பக்கம் நடந்திருக்கிறோம் பாருங்கள்.

1966-ல் ரீட்டா ஃபாரியா. மும்பையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பெண். இந்தியாவின் முதல் உலக அழகி அவர்தான். பட்டத்துக்கான அந்த ஒரு வருடக் கடமை முடிந்ததும் சினிமாவும் வேண்டாம், மாடலிங்கும் வேண்டாம் என்று படிப்புக்குத் திரும்பி டாக்டரானார். அயர்லாந்தில் குடியேறினார். அவர் தன் கிரீடத்தை எந்த அளவுக்குப் பெரிதாக நினைத்தார் என்பதற்கு அவர் வாழ்க்கையே பதில். நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? 1994-க்கு முந்தியவர் என்பதால் நம் கதையில் அவருக்கு இடமில்லை.

1991 ஜூலையில் மன்மோகன் சிங் பட்ஜெட் வாசித்ததையும், கதவு திறந்ததையும் உங்களுக்குப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். கதவு திறந்ததும் டிவியில் ஸ்டார் வந்தது, ஜீ வந்தது, 1993 தமிழ்ப் புத்தாண்டில் சன் டிவி வந்தது. அதற்கு அடுத்த வருடம் மிஸ் இந்தியா இறுதிச் சுற்றில் சுஷ்மிதாவும் ஐஸ்வர்யாவும் சம மதிப்பெண்ணில் நின்றார்கள். வெற்றியைத் தீர்மானிக்க ஆளுக்கொரு கேள்வி. சுஷ்மிதாவிடம் நம் நாட்டு நெசவுப் பாரம்பரியத்தைப் பற்றிக் கேட்டார்கள், சரி. ஐஸ்வர்யாவிடம் கேட்டது என்ன? கணவனிடம் எதிர்பார்க்கும் குணங்களை 'போல்டு அண்டு பியூட்டிஃபுல்' தொடரின் நாயகனிடம் தேடுவாயா, 'சாண்டா பார்பரா' தொடரின் நாயகனிடம் தேடுவாயா? கட்டிடக்கலை படிக்கச் சேர்ந்த இருபது வயதுப் பெண்ணிடம் தேசிய மேடையில் கேட்க அவர்களுக்குக் கிடைத்த கேள்வி, இரண்டு அமெரிக்க சீரியல்களில் எந்த மாப்பிள்ளை உசத்தி என்பது! நம் கிராமத்துத் திண்ணையில்கூட இதைவிட நல்ல கேள்வி கேட்பார்கள்.

சுஷ்மிதா வென்று, மே மாதம் மணிலா போனார். பெண்ணாக இருப்பதன் சாரம் என்ன என்று அங்கே கேட்டார்கள். ஒரு குழந்தையின் தொடக்கம் தாய், அன்பும் பகிர்வும் அக்கறையும் என்னவென்று ஆணுக்குக் காட்டுபவள் பெண் என்ற பொருளில் பதில் சொன்னார். பட்டம் கிடைத்தது. பதினெட்டு வயதுப் பெண், அவ்வளவு கூட்டத்தின் முன் நடுங்காமல் பேசியதைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தப் பதிலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதில் என் மாமியார் ஒத்துக்கொள்ளாத வார்த்தை ஏதாவது இருக்கிறதா? தாய்மைதான் பெண்மை என்று நம் வீட்டுப் பெரியவர்கள் காலமெல்லாம் சொன்னதைத்தான், புதுயுகப் பெண் என்று நீங்கள் சொல்லும் மேடையில் ஆங்கிலத்தில் சொன்னால் கிரீடம் வைத்தார்கள்.

அதே சுஷ்மிதா 2000-ல், கல்யாணம் செய்துகொள்ளாமலே ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தார். இருபத்து நான்கு வயது. கோர்ட் படியேறிப் போராடித்தான் எடுத்தார். அவர் அப்பா கூடவே நின்றார். ஊர் என்ன பேசியிருக்கும் என்று நமக்குத் தெரியாதா? அந்தப் பெண்ணின் தைரியம் என்று நான் வணங்குவது அதைத்தான். அதற்கு எந்த நடுவர் மதிப்பெண் போட்டார்? எந்தச் சோப்புக் கம்பெனி பணம் கொடுத்தது? அவர் மிஸ் இந்தியா போட்டிக்குப் போட்ட கவுனை சரோஜினி நகர் மார்க்கெட்டில் துணி வாங்கி, உள்ளூர் டெய்லரிடம் தைத்ததாகவும், கையுறையைக் காலுறையை வெட்டிச் செய்ததாகவும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கெட்டிக்காரப் பெண். அந்தக் கெட்டிக்காரத்தனம் கிரீடத்துக்கு முன்பே அவரிடம் இருந்தது. கிரீடம் கொடுத்தது அல்ல.

ஒரு சின்னக் கணக்கு. நான் ஆரம்ப வகுப்புக்கும் கணக்கு எடுத்தவள், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு பெரிய போட்டிகளிலும் சேர்த்து 1994-க்கு முன் நம் நாட்டுக்குக் கிடைத்த பட்டம் ஒன்று, ரீட்டா ஃபாரியா. 1994 முதல் 2000 வரை ஏழே வருடத்தில் ஆறு: சுஷ்மிதா, ஐஸ்வர்யா, டயானா ஹெய்டன், யுக்தா முகி, லாரா தத்தா, பிரியங்கா சோப்ரா. அதற்குப் பிறகு 2017-ல் மானுஷி சில்லர் வரும்வரை ஒன்றுமில்லை. இந்தியப் பெண்கள் 1993 வரை அழகில்லாமல் இருந்து, 1994-ல் திடீரென்று அழகாகி, 2001-ல் மறுபடியும் அழகு குறைந்துவிட்டார்களா? நடுவர்கள் மனதில் என்ன இருந்தது என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை. சந்தையில் என்ன நடந்தது என்பதற்குக் கடைத்தெருவே சாட்சி. 1995-ல் ரெவ்லான் வந்தது. லாக்மேயை 1998-ல் டாடாவிடமிருந்து இந்துஸ்தான் லீவர் வாங்கிக்கொண்டது. நம் ஊர்ப் பெட்டிக்கடையில் பாக்குப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் முகப்பூச்சு சாஷேக்கள் சரம்சரமாகத் தொங்கின. கோடிக்கணக்கான பெண்களிடம் கொஞ்சம் காசு புழங்கத் தொடங்கிய நேரம் அது. அந்தக் காசுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது.

சாஷே என்றதும் வகுப்பறைதான் ஞாபகம் வருகிறது.

ஃபேர் அண்டு லவ்லி 1975-லேயே வந்துவிட்டது. ஆனால் என் வகுப்புக்குள் அது வந்தது தொண்ணூறுகளின் நடுவில்தான். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். மதிய உணவுக்கு முன் கை கழுவப் போகிற சாக்கில் குழாயடியில் கூடிநின்று ஒரு சாஷேயை ஐந்து பேர் பங்கு போட்டுப் பூசிக்கொள்வார்கள். பங்கு போடுவதில் ஒரு நியாயம் இருந்தது, 'நிறம் கம்மி'யான பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பார்கள். பன்னிரண்டு வயதில் அவர்கள் கற்றுக்கொண்டிருந்த விகிதக் கணக்கு அது! அதற்கு முன் நம் ஊரில் நிற வேற்றுமை இல்லையா என்று கேட்பீர்கள். ஏன் இல்லாமல்? பெண் பார்க்க வந்து, 'பொண்ணு கொஞ்சம் கலர் பத்தாது' என்று காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. ஆனால் அதுவரை கருப்பு என்பது தலைவிதி, புலம்பிவிட்டு விட்டுவிடுவோம். இந்த அழகிகள் காலத்தில் அது நீ முயற்சி செய்யாததன் குற்றம் என்று ஆனது. கிரீம் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, வாங்கிப் பூச வேண்டியதுதானே? பழைய அவமானத்தோடு புதிதாக ஒரு வீட்டுப்பாடத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

ஒரு முறை, எந்த ஊர், எந்த ஆண்டு என்று சொல்லமாட்டேன், ஒரு பெரிய மனிதர் பள்ளிக்கு வருகிறார் என்று வரவேற்புக்குப் பிள்ளைகளை நிறுத்தச் சொன்னார்கள். மேலிடத்திலிருந்து வந்தவர் என் வரிசையைப் பார்த்துவிட்டு, "டீச்சர், முன்னால கொஞ்சம் கலரான பிள்ளைகளா நிறுத்தக் கூடாதா, போட்டோ எடுப்பாங்கல்ல?" என்றார். பிள்ளைகள் காதில் விழும்படிதான் சொன்னார். நான் உயர வரிசையில்தான் நிறுத்தியிருக்கிறேன், உயரம் குறைந்தவர்கள் முன்னால் என்றேன். வரிசை மாறவில்லை. ஆனால் முன்வரிசையில் நின்ற ஒரு குழந்தை, பூத்தட்டைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டது. கடைசிவரை இறக்கவே இல்லை.

தேசிய அழகிப் போட்டி என்பது இதைத்தான் தேசம் முழுக்கச் செய்கிறது. 2019 மே மாதம் மிஸ் இந்தியா இறுதிப் போட்டியாளர்கள் முப்பது பேரின் படத்தைப் பத்திரிகையில் ஒன்றாகப் போட்டார்கள். பார்த்தீர்களா? மாநிலத்துக்கு ஒருவர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை உள்ள நாட்டில், முப்பது முகமும் ஒரே நிறம், ஒரே கூந்தல். நாடே சிரித்தது. 2013-ல் நீனா தவுலூரி மிஸ் அமெரிக்கா ஆனார். ஆந்திரக் குடும்பத்துப் பெண், நம் மாநிறம். அங்கே சிலர் அவரை இனத்தைச் சொல்லி ஏசினார்கள். இங்கே நாம் என்ன பேசிக்கொண்டோம்? இந்த நிறத்தோடு இவர் மிஸ் இந்தியாவில் முதல் சுற்றுகூடத் தாண்டியிருக்க மாட்டார் என்று நம் பத்திரிகைகளே எழுதின. 2020-ல் ஃபேர் என்ற சொல்லை டப்பாவிலிருந்து எடுத்து 'குளோ' என்று மாற்றிவிட்டார்கள். அதே ரோஜா நிறத்தில், அதே கடையில், அதே அலமாரியில்தான் இருக்கிறது.

"2018-ல் நம்ம திருச்சிப் பொண்ணே ஜெயித்ததே டீச்சர்?" என்பீர்கள். அனுக்ரீத்தி வாஸ். அம்மா ஒருவராகவே நின்று வளர்த்த பிள்ளை, லயோலாவில் படித்துக்கொண்டிருந்தவர். அன்று எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெற்றி, தோல்வி இரண்டில் எது நல்ல ஆசிரியர் என்ற கேள்விக்குத் தோல்விதான் என்று சொல்லி வென்றார். அருமையான பதில். தோற்ற இருபத்தொன்பது பேரிடம் அந்த ஆசிரியர் எப்படிப் பாடம் நடத்தினார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அவர்களும் பயிற்சிக்குப் பணம் கட்டியவர்கள்தான், பட்டினி கிடந்தவர்கள்தான். நம் பேத்தி சேர்ந்திருப்பது அந்த வரிசையில். இப்போதே ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டாளாம். 'டயட்' என்று அவள் அம்மா பெருமையாகக் குழுவில் போட்டிருந்தாள். எலும்பு வளர்கிற வயதில்!

இப்போது என் சென்னை மாணவிக்கு வருகிறேன். அம்மா, தொண்ணூறுகளில் நம் பெண்கள் தலைநிமிர்ந்தார்கள் என்று சொன்னாயே, அது நூற்றுக்கு நூறு உண்மை. இடத்தைத்தான் தப்பாகச் சொல்கிறாய். மணிலாவில் அல்ல. நீ பிறந்த புதுக்கோட்டை மாவட்டத்தில்.

1991-ல் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் அம்மையார் கலெக்டர். மாலை ஏழு மணிக்கு மேல் தெருவிளக்கடியில் எழுத்துப் படிப்பு. பகலில் களத்துமேட்டிலும் கண்மாய்க் கரையிலும் சைக்கிள் படிப்பு. எழுத்தையும் சைக்கிளையும் ஒன்றாகச் சேர்த்தது அந்த இயக்கத்தின் பெரிய புத்தி. பெண் சைக்கிள் ஓட்டினால் என்ன பேச்சுப் பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் முப்பது வயதுக்கு மேல், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அப்போதுதான் பழகினேன். முட்டியில் தழும்பு இருக்கிறது. கல்குவாரியில் கல் உடைத்த பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராமச் செவிலியர்கள், எங்களைப் போன்ற டீச்சர்கள் எல்லோரும் ஓட்டினோம். லேடீஸ் சைக்கிள் கடையில் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கினார்கள். பிறகு அதுவே வசதியென்று கண்டுகொண்டார்கள், முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! 1992-ல் நடந்த சைக்கிள் காட்சியிலும் போட்டியிலும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். எழுபதாயிரம்! அதிலே யாருடைய இடுப்பையும் யாரும் அளக்கவில்லை.

அதற்குக் கொஞ்சம் முன்னால், 1989-ல், கல்யாணமாகாத மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமாகப் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. நாடு முழுக்க அது வர 2005 ஆனது. அரசு வேலையில் பெண்களுக்கு முப்பது சதவீதம் என்று வந்ததும் அதே 1989-தான். என்னோடு பயிற்சி முடித்துவிட்டுப் பல வருடம் வீட்டில் இருந்தவர்களுக்கு அதன் பிறகுதான் ஆர்டர் வந்தது. 1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல், மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. அடுத்த மாதம் பெங்களூரில் உலக அழகிப் போட்டி. ஒரே மழைக்காலம். ஒரு பக்கம் பல்லாயிரம் பெண்கள் பஞ்சாயத்து ஆபீஸ் நாற்காலியில் முதல் தடவையாக உட்காருகிறார்கள். சில ஊர்களில் அந்த நாற்காலியையே கொடுக்காமல் தரையில் உட்கார வைத்த கொடுமையும் நடந்தது. இன்னொரு பக்கம் பெண்கள் நீச்சலுடையில் செஷல்ஸில் நடக்கிறார்கள். தொலைக்காட்சி எதைக் காட்டியது? எதற்காக ஊர் கூடிச் சண்டை போட்டது? முப்பது வருடம் கழித்து உனக்கு எது ஞாபகத்தில் இருக்கிறது? அதைத்தான் நான் கேட்கிறேன்.

உனக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். நீ ஆறாம் வகுப்பு சேர வந்தபோது உன் அம்மா விண்ணப்பத்தில் கைநாட்டு வைக்கவில்லை. அறிவொளியில் கற்ற எழுத்தில், வரிக்கு வெளியே போகிற பெரிய பெரிய எழுத்தில், கையெழுத்துப் போட்டார். ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தானே சைக்கிள் மிதித்து உன்னைப் பின்னால் வைத்து அழைத்து வந்தார். உன் அப்பா வேண்டாம் என்று சொன்ன சேர்க்கை அது. உன் தலை நிமிர்ந்தது அன்றைக்கு. வேண்டுமானால் பள்ளியில் போய் அந்த விண்ணப்பத்தைக் கேட்டுப் பார், கரையான் தின்னாமல் இருந்தால் இருக்கும்.

கடைசியாக, எனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு.

பேத்திக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, போவதும் வருவதும் அவள் இஷ்டம். தடுக்க நான் யார்? அந்த 35,000 ரூபாயைத் திருப்பித் தரமாட்டார்களாம், போகட்டும். ராத்திரிச் சோறு மட்டும் சாப்பிடட்டும். அவள் வந்தால் பேச எனக்கு ஆசைதான். ரீட்டா ஃபாரியாவைப் பற்றியும் இந்திராணி ரஹ்மானைப் பற்றியும் சொல்வேன். பயிற்சி நிலையத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் மாணவர்களில் பதினெட்டுப் பேர் இப்போது ஆசிரியர்கள். இரண்டு பேர் தனியார் பள்ளியே நடத்துகிறார்கள். உங்களிடம் நேராகக் கேட்கிறேன். ஆண்டு விழாவில் எல்.கே.ஜி. குழந்தைகளுக்கு 'லிட்டில் பிரின்சஸ்' என்று கிரீடம் வைக்கிறீர்கள். பாரத மாதா வேஷத்துக்கு வெள்ளையான பிள்ளையைத் தேடுகிறீர்கள். பிரைமரிப் பிள்ளைகளுக்கு லிப்ஸ்டிக் போட்டு 'ரேம்ப் வாக்' விடுகிறீர்கள். யாரிடம் படித்தீர்கள் இதை? என்னிடம் இல்லை. இந்த வருட ஆண்டு விழாவில் இந்த மூன்றையும் நிறுத்துங்கள். நிகழ்ச்சி குறைகிறதே என்றால், மைதானத்தில் மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி வையுங்கள், அம்மாக்களுக்கும் சேர்த்து. நிறுத்தியவர்கள் கமென்டில் எழுதுங்கள். நிறுத்த முடியாது என்பவர்களும் ஏன் என்று எழுதுங்கள், பதில் தருகிறேன். போனில் வேண்டாம், வலது காது இப்போது சரியாகக் கேட்பதில்லை.